ஒட்டுப்பால் எழுச்சி பெற்ற வரலாறு

மலேசியாவில், மலாக்கா பக்கம் செலண்டாரில் ‘ஒட்டுப்பால்’ என்று ஒரு ராக் இசைக்குழு இருந்தது. மொத்தம் மூன்று பேர். கித்தா எனும் ரப்பர் மரத்தின் வெட்டில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் பாலை உரித்துச் சாக்கில் கட்டி வைத்தால் நாலாம் நாள் ஒரு நாற்றம் கிளம்பும். சட்டையை எத்தனை தரம் அடித்துத் துவைத்தாலும் போகாது. அந்தப் பெயரைத்தான் தேடிப் பிடித்து வைத்திருந்தார்கள். பாட்டும் அப்படித்தான். ஒரு தரம் கேட்டால் ஆளோடு ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிடும்.

டிரம்ஸ் வாசித்தவன் நிவேந்திரன்; செலண்டார் கடைத்தெருவில் டயர் கடையில் வேலை. பாஸ் கிட்டார் வாசித்த புவனேஷுக்குச் சொந்தமாகக் கைப்பேசிக் கடை இருந்தது, அதைவிட முக்கியமாக நல்ல பல்வரிசை இருந்தது. கிட்டார் வாசித்துப் பாடியவன் காந்தன், செம்பனை ஆலையில் ஃபிட்டர். மூவரும் ஒரே கித்தாத் தோட்டத்தில் பிறந்து ஒரே பள்ளியில் அடி வாங்கியவர்கள். தோட்டத்தில் ஆள் குறைந்தபிறகு, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் அதைத் திறந்து உள்ளே உட்கார்ந்து வாசிப்பார்கள். தகரக் கூரை. நிவேந்திரன் ஓங்கி அடித்தால் கூரையும் கூடவே வாசிக்கும்.

காந்தனின் மனைவி ஜானகி ஐந்து வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனாள். எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை பார்த்தாள். தோட்டத்துக்குள் வந்துகொண்டிருந்த கம்பெனி பஸ், ஏறுவதற்கு ஆள் போதவில்லை என்று முச்சந்தியோடு நின்றுவிட்டது. ஒரு நாள் காலையில் நல்ல மழை. பஸ் முச்சந்திக்கும் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, அடுத்த நிறுத்தத்துக்கு ரோட்டோரமாகவே நடந்தாள். பின்னால் வந்த லோரிக்காரன் கண்ணுக்கு அவள் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் காந்தன் கையில் அவளுடைய பையைக் கொடுத்தார்கள். உள்ளே சாப்பாட்டு டப்பா இருந்தது. என்ன நினைத்தானோ, திறந்து பார்த்தான். சோறு இன்னும் சூடாக இருந்தது.

மகள் தேவிஸ்ரீக்கு அப்போது இரண்டு வயது.

காந்தன் அதற்குப் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஆலைக்குப் போனான், வந்தான், பிள்ளைக்குத் தலை சீவிவிட்டான். ஒரு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கேட்காமலே கிட்டாரை எடுத்து ஒரு பாட்டைப் பாடினான்.

‘பஸ் வரல, பஸ் வரல,
நீ நின்ன எடத்துல மழ நிக்குது,
ஜானகி, பஸ் வரல.
டப்பாவுல சோறு இன்னும் சூடா இருக்கு.’

இப்படித் தொடங்கும். மூன்று சரணம். ‘ஜானகி’ என்ற இடத்தில் அவன் குரல் உடையும். வேண்டுமென்று செய்வதில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயர்மேல் ஏறும்போது குரல் இரண்டாகப் பிளந்து, ஒரு மூச்சு நேரம் பாட்டு நின்றுபோகும். அந்த ஒரு மூச்சுக்கு நிவேந்திரன் குச்சியை மேலே தூக்கியபடி காத்திருப்பான். காந்தன் மறுபடி பாட வந்ததும்தான் கையை இறக்குவான். நண்பனுக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தது அவ்வளவுதான்.

புவனேஷ் அதைக் கைப்பேசியில் பிடித்து, குழுவின் பக்கத்தில் போட்டான். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். யார் யாரோ, எங்கெங்கிருந்தோ, தங்கள் வீட்டுச் சாவுகளைக் கீழே எழுதினார்கள்.

நாற்பதாயிரத்து ஒன்றாவதாகப் பார்த்தது மாநில இந்திய இளைஞர் இசை எழுச்சி மன்றம்.

மன்றம் மலாக்கா டவுனில் ஒரு கடைவீட்டின் மூன்றாம் மாடியில் இருந்தது. அதற்குப் பதினொரு துணைக் குழுக்களும் முப்பத்து நான்கு பொறுப்பாளர்களும் ஒரு முத்திரையும் ஒரு கொடியும் இருந்தன. இசைக்குழு மட்டும்தான் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் ஆண்டாக நடப்பு ஆண்டைத் தீர்மானித்திருப்பதாகக் கடிதம் வந்தது.

“போலாமாடா?” என்று நிவேந்திரன் கேட்டான். போக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. காந்தன் வீட்டையும் ஆலையையும் விட்டு வெளியே வந்து நாலு பேரைப் பார்த்தால் தேவலை என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தான். பெரிய மேடை ஆசையும் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

“ஒனக்குச் சரின்னா எனக்குச் சரிலா” என்றான் காந்தன்.

முதல் சந்திப்பில் குத்துவிளக்கு ஏற்றி, கடவுள் வாழ்த்துப் பாடி, வரவேற்புரை, தலைமையுரை என்று வரிசையாக நடந்தது. வந்திருந்த விருந்தினர்கள் அந்த மூன்று பேர்தான். மன்றத் தலைவர், டத்தோ பட்டம் பெற்ற கணேஸ்வரன், எழுந்து ஒலிவாங்கியை இரண்டு தட்டுத் தட்டினார்.

“எனக்குப் பாட்டுன்னா உயிர். கேக்கத்தான் நேரம் கெடையாது. பதினெட்டு வருஷமா இந்த மன்றத்துக்குத் தலைவரா இருக்கேன். ஒரு பாட்டையாவது முழுசா உக்காந்து கேட்டதா சரித்திரம் இல்ல. அவ்வளவு சேவை!”

எல்லோரும் கைதட்டினார்கள். நிவேந்திரனும் தட்டினான். தட்டிய பிறகுதான் எதற்கென்று யோசித்தான்.

அன்றைக்கே குழுவின் பெயரை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பாடல்வரித் தூய்மைக் குழுவின் தலைவர் காளிமுத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பிரம்பைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தாலும் குரலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். “ஒட்டுப்பால் என்பது இழிவுக் குறிப்புடையது. ஒட்டு என்பதை நீக்கிவிட்டால் பால் எஞ்சுகிறது. பால் தூய்மையின் சின்னம்” என்றார். வெறும் ‘பால்’ என்று வைத்தால் பால்காரன் கடை என்று நினைப்பார்கள் என ஒரு பொறுப்பாளர் பயந்தார். மீகூன் சாப்பிட்டுவிட்டு வந்து வாக்கெடுத்ததில், குழுவின் பெயர் ‘அமுதப் பேரெழுச்சி’ ஆயிற்று.

காரில் திரும்பும்போது புவனேஷ் அந்தப் பெயரை நாலு தரம் சொல்லிப் பார்த்தான். “கம்பீரமாத்தான் இருக்கு மச்சான்.” பின்னால் உட்கார்ந்திருந்த காந்தன் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டான்.

அடுத்து வரிகள். அதற்கு ஆறு அமர்வுகள் ஆயின.

“பஸ் தமிழ் இல்லை. பேருந்து” என்று காளிமுத்து முதல் வரியிலேயே சிவப்பு மையைச் சிந்தினார். “வரல என்பது கொச்சை. வரவில்லை.”

டத்தோ கையைத் தூக்கினார். “இருங்க சார். வரவில்லைன்னு பாடினா, யாரால வரவில்லைன்னு கேப்பான். நம்ம மன்ற விழாவுக்குப் பெரிய பெரிய ஆளுங்க வந்து முன்வரிசையில உக்காருவாங்க. மனசு சங்கடப்படும். வரும்னு போடுங்களேன். முப்பது வருஷமா நான் மேடைக்கு மேடை வரும், வரும்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தன் கோவிச்சுக்கிட்டதில்ல.”

ஆக, ‘பேருந்து வரும்’ என்று எழுதினார்கள். மூன்றாம் அமர்வில், வெறும் பேருந்து வருவதற்கு ஆயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டுவார்களா என்ற நியாயமான கேள்வி எழுந்தது. பேருந்தை எடுத்துவிட்டு விடியலைப் போட்டார்கள். விடியல் ஏற்கெனவே வேறொரு மன்றத்தின் பெயராக இருந்ததால் அதையும் எடுத்துவிட்டு வெற்றியைப் போட்டார்கள். வெற்றி வரும்.

ஜானகி அடுத்தது. தனிநபர் பெயர் பொறாமையை வளர்க்கும் என்றார்கள். பெயர் இருந்தே ஆக வேண்டும் என்றால் டத்தோவின் மனைவி டத்தின் பவானேஸ்வரியின் பெயரைப் போடலாமே என்று ஒரு பொறுப்பாளர் பணிவோடு முன்மொழிந்தார். போட்டுப் பாடிப் பார்த்தார்கள். தாளத்துக்குள் அம்மையார் அடங்கவில்லை. கடைசியில் ‘தோழா’ என்று முடிவாயிற்று.

காளிமுத்து கண்ணாடியை இறக்கிக் காந்தனைப் பார்த்தார். “பாடலாசிரியர் ஏதும் சொல்ல விரும்புகிறாரா?”

காந்தன் எழுந்து நின்றான். ஆறு அமர்வுகளில் அவன் வாய் திறந்தது அப்போதுதான்.

“அது நடந்தது சார்” என்றான்.

“நடந்ததையெல்லாம் எழுதுவதற்குப் பாட்டு எதற்குத் தம்பி? அதற்குத்தான் செய்தித்தாள் இருக்கிறதே.”

காந்தன் நிவேந்திரனைப் பார்த்தான். உதவி கேட்ட பார்வையும் இல்லை, கோபமும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். நிவேந்திரன் எழுந்தான்.

“சார், மத்ததெல்லாம் ஒங்க இஷ்டம். அந்த டப்பா வரி மட்டும் இருக்கட்டும் சார். தயவுசெஞ்சு.”

குழு கூடிப் பேசியது. ‘டப்பா’ போக வேண்டும், ‘சோறு’ மேடைக்கு ஏற்ற சொல் அல்ல, ‘சூடு’ தவறான பொருள் தரக்கூடும். ஆனாலும் இளைஞர்களின் கருத்துக்கு மன்றம் எப்போதும் மதிப்பளிப்பதால் அந்த வரி தக்கவைக்கப்பட்டது: ‘அன்னம் இன்னும் கதகதப்பாய்.’

நிவேந்திரன் அன்று படியிறங்கும்போது ஒரு வரியைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தான். காந்தனின் தோளில் கூடத் தட்டிக்கொடுத்தான்.

ஒலிப்பதிவு மலாக்கா டவுனில். நகைக்கடைக்கு மேலே குளிரூட்டிய அறை. தினேஸ்வரன் என்ற சவுண்டு இஞ்சினியர். நல்ல பையன். வந்தவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தான். காந்தன் பாடினான். எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி பாடினான். ஆனால் ‘தோழா’ என்ற இடம் வந்ததும், சொல் மாறியது தெரியாமல், குரல் வழக்கம்போல உடைந்தது. மறுபடி பாடச் சொன்னார்கள். மறுபடி உடைந்தது. ஏழு தடவை.

தினேஸ்வரன் திரையில் பச்சைக் கோடுகளைப் பெரிதாக்கிக் காட்டினான். “இங்கதாண்ணே டேமேஜ். கவலப்படாதீங்க, தச்சுடலாம்.”

தைத்தான். நடுவில் விழுந்த மூச்சு நேரத்தையும் கத்தரித்து எடுத்தான். கூட்டம் கைதட்டும்போது தாளம் தப்பிவிடுமாம். நிவேந்திரன் அடித்ததை எடுத்துவிட்டு இயந்திரத்திலிருந்து வேறொரு டிரம்ஸைப் போட்டான். மலை இடிந்து விழுவதுபோல இருந்தது. கீழே கீபோர்டு, மேலே வயலின், நடுவில் நூறு பேர் சேர்ந்து ‘ஓ… ஓ… ஓ…’ என்று பொங்குகிற குரல். அந்த நூறு பேரும் ஒரு பொத்தானுக்குள் இருந்தார்கள். கடைசிச் சரணத்தில் சுருதி ஒரு படி ஏறியது. அதற்கும் ஒரு பொத்தான் இருந்தது.

முழுப் பாட்டையும் பெரிய ஸ்பீக்கரில் போட்டார்கள். நிவேந்திரனுக்கு உடம்பு சிலிர்த்தது. அதை அவன் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. தகரக் கொட்டகையில் அடித்துப் பழகியவனுக்கு, தன் பெயரில் அப்படியொரு முழக்கம் கேட்டதும், ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துபோயிற்று. புவனேஷ் எழுந்து ஆடவே ஆடிவிட்டான்.

காந்தன் தலையைச் சாய்த்துக் கடைசிவரை கவனமாகக் கேட்டான்.

“நல்லா இருக்கு. யாரு பாடறது?”

தினேஸ்வரன் விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணன் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தான்.

மறுவாரம் மன்றச் செயலாளர் புனிதா அக்கா ஒரு கோப்போடு டயர் கடைக்கே வந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. வேலையைச் சுத்தமாகச் செய்பவர், அதுதான் சிக்கல்.

“தம்பி, பழைய பதிவு இன்னும் ஒங்க பக்கத்துல இருக்கு. கருத்து முரண்பாடு வரும்லா. இங்க வெற்றி வரும், அங்க பஸ் வரல. கேக்கறவன் எதத்தான் நம்புவான்?”

“அத எடுக்கணுமாக்கா?”

“ஒப்பந்தத்துல பதினாலாவது பிரிவு. கையெழுத்துப் போட்டிருக்கீங்க பாருங்க.”

பார்த்தான். போட்டிருந்தான். மூன்று பேரும் போட்டிருந்தார்கள். பக்கத்தின் கடவுச்சொல் அவனிடம்தான் இருந்தது. காந்தனிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று கைப்பேசியை எடுத்தான். ‘ஒனக்குச் சரின்னா எனக்குச் சரி’ என்பான். கேட்பதற்கு என்ன இருக்கிறது? வாசலில் ஒரு லோரி டயருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அழித்தான். நாற்பதாயிரம் பேரும், அவர்கள் எழுதிய சாவுகளும் சேர்ந்து போயின.

“கைப்பேசில இருக்கறதயும் தம்பி.”

அதையும் அழித்தான்.

“அழிச்சது முப்பது நாளைக்குக் குப்பைத்தொட்டியில கெடக்கும். அங்கிருந்தும் எடுத்துடுங்க.”

புனிதா அக்கா நிம்மதியாக மூன்று படிவங்களை நீட்டினார். அழித்தவர், அழித்ததைக் கண்டவர், அழித்ததற்கான காரணம். டயர் கரி படிந்த கையால் நிவேந்திரன் மூன்றிலும் கையெழுத்துப் போட்டான். புவனேஷின் கைப்பேசியில் ஒரு பிரதி இருக்கும் என்று நினைத்திருந்தான். புவனேஷ் ஏற்கெனவே மூன்று கைப்பேசி மாற்றியிருந்தான்.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மேடைத் தோற்றக் குழு கூடியது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிறுத்தி மதிப்பெண் போட்டார்கள். உடை, நிமிர்வு, சிரிப்பு. ‘வெற்றி வரும்’ என்று பாடும்போது பாடகர் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் வெற்றி வரும் என்று எவன் நம்புவான்? காந்தனும் முயன்று பார்த்தான். மூன்று வாய்ப்புக் கொடுத்தார்கள். மூன்றாவது தடவை அவன் சிரித்தபோது குழுவில் ஒருவர் பதறிப்போய், இவருக்குத் தண்ணீர் கொடுங்கள் என்றார். படிவத்தில் ‘சிரிப்பு: பத்துக்கு ஒன்று’ என்று எழுதினார்கள். அந்த ஒன்று முயற்சிக்காக.

புவனேஷுக்குப் பத்துக்கு ஒன்பதரை. குரல் பதிவிலிருந்து வரப்போகிறது, வாயசைக்க யார் நின்றால் என்ன? புவனேஷ் முன்னால் நிற்பான் என்றும், காந்தன் ‘மூலக்கருத்து வழங்கியவர்’ என்ற முறையில் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப்படுவார் என்றும் தீர்மானமாயிற்று. இதைப் பக்குவமாக எடுத்துச்சொல்ல நண்பர் என்ற முறையில் நிவேந்திரனை அனுப்பினார்கள்.

அவன் போனபோது சாயங்காலம் நாலு மணி. காந்தன் வீட்டு வாசலில் கால்நீட்டி உட்கார்ந்து, அட்டையில் வெட்டிய இரண்டு பெரிய இறக்கைகளுக்குப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தான். விரலெல்லாம் பசை. பக்கத்தில் தேவிஸ்ரீ, இரண்டு கைகளையும் விரித்து, ஒரு காலைத் தூக்கி நின்றுகொண்டிருந்தாள். ஏழு வயது. நிற்கிற சாயல் அப்படியே ஜானகி.

“நிவே மாமா! நான் அன்னம்! எங்க ஸ்கூல்லேர்ந்து ஆறு பேர எடுத்திருக்காங்க!”

நிவேந்திரனுக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். விழாப் பாட்டுக்கு ஆட ஆள் எடுத்தார்களாம். பாட்டில் ‘அன்னம் இன்னும் கதகதப்பாய்’ என்று வருகிறதாம். அந்த இடத்தில் ஆறு அன்னங்கள் இரண்டு பக்கமும் இருந்து பறந்து வருமாம். நடன மாஸ்டரின் யோசனையாம், டத்தோவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம்.

“வெற்றி வரும், வெற்றி வரும், தோழா, வெற்றி வரும்” என்று பாடிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றினாள். நின்றாள். “அப்பா, அன்னம்னா என்னாப்பா?”

காந்தன் பஞ்சைப் பிய்த்து, பசையில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினான்.

“பறவ” என்றான்.

“டீச்சரும் அதான் சொன்னாங்க. பாலயும் தண்ணியயும் கலந்து வெச்சா பால மட்டும் குடிக்குமாம்.”

“ஆமா. நல்ல பறவ.”

அவள் தண்ணீர் குடிக்க உள்ளே ஓடியதும் நிவேந்திரன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். சொல்ல வந்ததை மூன்று விதமாக ஆரம்பித்து, மூன்றும் பாதியில் நின்று, நாலாவதாக ஒரே மூச்சில் கொட்டினான். சொல்லிவிட்டு, “வேணாம்டா. எல்லாத்தயும் தூக்கிப் போட்ருவோம். நான் போய் டத்தோகிட்டச் சொல்றேன். இது ஒன் பாட்டு. ஜானகி பாட்டு” என்றான்.

“பாப்பா ரெண்டு மாசமா ஆடிப் பழகறா.”

“அவளுக்குத் தெரியாதுடா.”

“அதான் சொல்றேன். தெரியாதுல்ல.” காந்தன் இறக்கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பஞ்சு விட்டுப்போன இடங்களை விரலால் தடவிக் கண்டுபிடித்தான். “விடுலா. நான் கீழ உக்காந்து பாக்கறேன். மேல நின்னா இவள எப்படிப் பாக்கறது?”

விழா ஆயர் குரோவில், ஆயிரம் பேர் கொள்ளும் மண்டபத்தில், சனிக்கிழமை மத்தியானம் நடந்தது. நுழைவாயில் பேனரில் முப்பத்து நான்கு பொறுப்பாளர்களும் வரிசையாகச் சிரித்தார்கள். அமுதப் பேரெழுச்சியின் படம் வலது மூலையில், அஞ்சல்தலை அளவில் இருந்தது. பாட்டு நாலு நிமிஷம். அதற்குமுன் உரைகள் இரண்டு மணி நாற்பது நிமிஷம்.

டத்தோ நிறைவாகப் பேசினார். “இந்தப் பசங்கள நாங்க கண்டெடுத்தப்ப ஒட்டுப்பாலா நாறிக்கிட்டு இருந்தாங்க. கழுவிக் கழுவி அமுதமாக்கியிருக்கோம். இந்தப் பாட்டு எதப் பத்தினதுன்னு பல பேரு என்கிட்ட கேட்டாங்க. எதப் பத்தினதும் இல்ல! அதுதான் நம்ம மன்றத்தோட சாதன. எதப் பத்தியும் இல்லாத ஒரு பாட்ட எவனும் குத்தம் சொல்ல முடியாது. அழுதுகிட்டு இருந்த ஒரு பாட்ட எழுந்து நிக்க வெச்சிருக்கோம். ஏன்னா, கண்ணத் தொடச்சுக்கிட்டு இருக்கறவன் கைதட்ட மாட்டான்!”

மண்டபம் அதிர்ந்தது. மூலக்கருத்து வழங்கிய திரு. காந்தனைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுக்கும்வரை நின்றான். கீழே இறங்கி, பதினாலாம் வரிசையில், பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

நிவேந்திரனின் டிரம்ஸ்மேல் தடித்த துவாலைகளை விரித்திருந்தார்கள். சத்தம் வந்தால் பதிவோடு மோதும். அவன் அடித்தான், மலை வேறெங்கோ இடிந்தது. புவனேஷ் வெள்ளை ஜிப்பாவில், காந்தனின் தைக்கப்பட்ட குரலுக்கு வாயசைத்துச் சிரித்தான். பொத்தானுக்குள்ளிருந்து நூறு பேர் ‘ஓ… ஓ…’ என்றார்கள். ஆயிரம் பேர் எழுந்து கைதட்டினார்கள்.

‘தோழா’ வந்தது. நிவேந்திரனின் கைகள் பழக்கத்தில் அப்படியே மேலே நின்றுவிட்டன. ஒரு மூச்சு நேரம். பாட்டு நிற்கவில்லை. டிரம்ஸும் நிற்கவில்லை, அவன் கையைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே அவனுடைய டிரம்ஸ் முழங்கிக்கொண்டு போனது. யாரும் கவனிக்கவில்லை.

பிறகு அன்னங்கள் வந்தன. இரண்டு பக்கமிருந்தும் மூன்று மூன்றாக. இடப்பக்கம் இரண்டாவது தேவிஸ்ரீ. அவளுடைய இறக்கைதான் ஆறிலும் அடர்த்தியாக, ஒரு பஞ்சு உதிராமல் இருந்தது. ஆடிக்கொண்டே அவள் கண்கள் கூட்டத்தில் அலைந்தன. அப்பா எங்கே என்று தேடினாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணத் தொடங்கியது.

காந்தன் எழுந்து நின்றான். பொன்னாடை கீழே விழுந்தது. இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி, எல்லோரோடும் சேர்ந்து, தாளம் தப்பாமல் தட்டினான். மகள் கண்ணில் படும்படி வாயை அகலத் திறந்து ‘வெற்றி வரும், வெற்றி வரும்’ என்று பாடினான். சிரித்தான். மன்றத்தின் எந்தக் குழுவாலும் குறைசொல்ல முடியாத சிரிப்பு.

தேவிஸ்ரீ கண்டுகொண்டாள். இறக்கையை விரித்து ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றினாள்.

நிவேந்திரன் துவாலையை அடித்துக்கொண்டே அழுதான். வியர்வை என்று நினைத்திருப்பார்கள்.

அந்த வருஷமே பாட்டு பள்ளிகளுக்குப் போயிற்று. காலைச் சபைகூடலில் பாடினார்கள், விளையாட்டுப் போட்டியில் பாடினார்கள், ஒரு சூப்பர்மார்க்கெட் திறப்புவிழாவில் பாடினார்கள். புவனேஷ் வாயசைக்க ஊர் ஊராகப் போனான். நிவேந்திரனை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். துவாலை அடிக்க வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, “கொட்டகைக்கு வாடா. நாம ரெண்டு பேரும் மட்டும்” என்று காந்தனைக் கூப்பிட்டான். வருவானா என்று சந்தேகம். பசியாறிவிட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் கிட்டாரோடு வந்துவிட்டான்.

தூசி தட்டி உட்கார்ந்தார்கள். நிவேந்திரன் மெல்லத் தாளம் எடுத்தான். காந்தன் கண்ணை மூடி இரண்டு வரி பாடினான். பஸ் வரல, பஸ் வரல, நீ நின்ன எடத்துல மழ நிக்குது.

“தோழா” என்றான்.

கண்ணைத் திறந்தான்.

“இன்னொரு தடவ போ” என்றான் நிவேந்திரன்.

போனார்கள். மறுபடியும் அதே சொல்தான் முன்னால் வந்து நின்றது. மூன்றாவது தடவை அந்த இடத்துக்கு முன்பே நிறுத்தி, பாடாமல், ‘ஜானகி’ என்று பேச்சாகச் சொல்லிப் பார்த்தான். சொல்ல முடிந்தது. யாரோ அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல, பிசிறில்லாமல், குரல் உடையாமல் வந்தது. அதைக் கேட்டு இரண்டு பேருமே பயந்துபோனார்கள்.

“வீட்ல தெனமும் பாப்பா அதத்தான் பாடுது. கூடவே பாடிப் பாடி…” காந்தன் நெற்றியைத் தேய்த்தான். “ரெண்டாவது சரணம் எப்படிடா ஆரம்பிக்கும்? ஒனக்கு ஞாபகம் இருக்கா?”

நிவேந்திரன் யோசித்தான். ஆயிரம் தரம் கூடவே வாசித்திருக்கிறான். அவன் சொற்களைக் கேட்டதில்லை. குரல் எங்கே உடையும் என்று மட்டுமே காது கொடுத்திருந்தான்.

“அந்த வீடியோவப் போட்டுக் கேட்டா வந்துரும்” என்றான் காந்தன்.

“இல்லடா. அது இல்ல. நாந்தான் அழிச்சேன். எல்லாத்துலயிருந்தும்.”

கூரைத் தகரம் வெயிலில் படபடவென்று ஓசையிட்டது. காந்தன் தன்னைத் திட்டுவான் என்று நிவேந்திரன் காத்திருந்தான். ஓர் அறை விட்டால் கூட நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

“கேட்டிருந்தா நானும் சரின்னுதானே சொல்லியிருப்பேன்” என்றான் காந்தன்.

கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உதட்டை மட்டும் அசைத்தான். ஒரு சொல்லை எடுத்து வைத்தான். இல்லை. இன்னொன்றை வைத்துப் பார்த்தான். அதுவும் இல்லை. நிவேந்திரன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினான்.

“பேசாத. வருது, இரு” என்றான்.

நிவேந்திரன் இருந்தான்.